மாதாவிடம் கேட்ட தவணை

நம் வயதுக்காரிகளுக்குத் தலை சீவுவது இப்போது ஒரு வேலையா? நாலு இழுப்பு, ஒரு முடிச்சு, தீர்ந்தது. உங்கள் பாடு எப்படியோ, என் தலையில் மிச்சமிருப்பதை எண்ணியே சொல்லிவிடலாம். ஆனாலும் தினமும் காலையில் சீப்பைக் கையில் எடுத்ததும் என் வாய் தானாக இரண்டு சொல் சொல்லும். “மே பெய்னோ.” பேத்தி சின்னவளாக இருந்தபோது அது ஏதோ செபம் என்று நினைத்துச் சிலுவை போட்டுக்கொள்வாள். செபமில்லை. ஸ்பெயின் தேசத்துப் பாஷையில் ‘தலை சீவுகிறேன்’ என்று அர்த்தம்.

கோட்டாற்றை விட்டு வெளியே அதிகம் போகாத எனக்கு ஸ்பெயின் பாஷை எங்கிருந்து வந்தது என்று கேட்பீர்கள். அதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன். அதோடு ஒட்டிக்கொண்டு இன்னொன்றும் இருக்கிறது. எத்தனையோ முறை பாவசங்கீர்த்தனம் செய்தும் சாமியாரிடம் நான் சொல்லாமல் விழுங்கிய ஒன்று. கேட்டுக் கோபப்படக்கூடியவர்கள் யாரும் இப்போது உயிரோடு இல்லை. உங்களிடம் சொல்லலாம்.

நாமெல்லாம் திருவிதாங்கூர் மகாராஜாவின் குடிகளாக இருந்த காலம். எனக்குப் பதினொரு வயது. படித்தது ஒரு கன்னியர் மடத்துப் பள்ளிக்கூடம், பெயர் வேண்டாம். அங்கே எங்களுக்குத் தையல் சொல்லிக்கொடுக்க ஸ்பெயினிலிருந்து ஒரு கன்னியாஸ்திரீ வந்திருந்தார். நாங்கள் அவரை ஸ்பெயின் மதர் என்போம். சின்ன வயதுதான், முப்பது இருக்கலாம். வெயிலில் மூக்கு மட்டும் சிவந்து தோலுரியும். தமிழ் படித்துக்கொண்டிருந்தார். கோபம் வந்தால் “முலங்காலில் நில்லுங்கள்” என்பார். முழங்காலில் நின்றுகொண்டே என் பெஞ்சுக்காரி, “முலங்கால் இல்ல மதர், முழங்கால்” என்று திருத்துவாள். மதர் அவள் நாக்கு மடிவதை எட்டிப் பார்ப்பார். அதற்குள் கோபம் போய்விடும்.

பெஞ்சுக்காரி என்று நான் சொல்வது என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவளை. கடற்கரை ஊர்ப் பெண். அப்பன் கட்டுமரக்காரர், அம்மா கருவாட்டுக் கூடையோடு சனிக்கிழமைதோறும் கோட்டாறு சந்தைக்கு வருவாள். மகளை மடத்துப் போர்டிங்கில் சேர்த்துக்கொண்டது மதர்களின் தயவு. அவளுக்கு முடி முழங்காலைத் தொடும். பொய்யில்லை. உட்கார்ந்தால் பெஞ்சில் சுருண்டு கிடக்கும். நான் அதன்மேல் உட்கார்ந்துவிட்டு அடி வாங்கியிருக்கிறேன். சந்தை முடிந்ததும் அவள் அம்மா மடத்து வாசல் புன்னை மரத்தடியில் மகளை உட்கார வைத்து, வாரத்துக்கு ஒருமுறை எண்ணெய் தேய்த்துச் சிக்கெடுத்துப் பின்னிவிட்டுப் போவாள். அந்தப் பக்கம் போகும்போது நாங்கள் கருவாட்டு வாடைக்கு மூக்கைப் பிடித்துக்கொள்வோம். நானும்தான் பிடித்தேன்.

தையல் வகுப்பில்தான் அந்தப் பாஷை ஆரம்பித்தது. பாடத்திட்டத்தில் எல்லாம் கிடையாது. ஊசியில் நூல் கோத்துக்கொண்டே மதர் ஏதோ முணுமுணுப்பார். என்ன மதர் என்று கேட்டோம். சொல்லிக்கொடுத்தார். ஊர் நினைப்புதான் என்று இப்போது தெரிகிறது. அப்போது எங்களுக்கு அது விளையாட்டு.

“மே லெவாந்தோ.” எழுந்து காட்டுவார். “மே லாவோ.” முகம் கழுவுவதுபோல் கையை ஓட்டுவார். எழுகிறேன், கழுவுகிறேன் என்று மட்டும் சொன்னால் போதாதாம். ஒவ்வொன்றிலும் ‘மே’ வரவேண்டும். ‘மே’ என்றால் ‘என்னை’. என்னை எழுப்புகிறேன், என்னைக் கழுவுகிறேன் என்று சொல்வதுதான் அவர்கள் வழக்கம்.

எங்களுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. ஒருத்தி எழுந்தாள். “நம்மள நாமளே எப்பிடி மதர் எழுப்புகது? அம்மெயில்லா வந்து எழுப்புவா. எழும்பலேன்னா முதுகுல ரெண்டு வைப்பா.”

“முகம் கழுவுவது?”

“அதுவும் அம்மெதான்.”

“தலை சீவுவது?”

“அம்மெதான்!” என்று வகுப்பே கத்தியது.

“எல்லாம் அம்மா செய்தால் நீங்கள் என்ன செய்வீர்கள்?”

“நாங்க அனங்காம, ஆடாம அசையாம இருப்போம் மதர்” என்றாள் பெஞ்சுக்காரி. மதர் கண்ணில் நீர் வருமளவு சிரித்தார். பிறகு விரலால் ஒவ்வொருத்தி நெஞ்சையும் தொட்டு, “நீ. உனக்கு நீயே. சொல்லு” என்றார். சொன்னோம். தமிழெழுத்தில் சிலேட்டில் எழுதி வைத்து மனப்பாடம் செய்தோம். வீட்டில் நான் கிணற்றடியில் நின்று “மே லாவோ, மே லாவோ” என்று கூவ, என் அம்மா, “இந்தப் பிள்ளைக்கு யாரோ என்னமோ செஞ்சு வச்சிருக்கு” என்று மிளகாய் சுற்றிப் போட்டாள்.

அந்த ஆனி மாதம் ஒரு செய்தி வந்தது. மதர்களின் சபைக்கெல்லாம் தலைவியாக ஸ்பெயினில் இருந்த பெரிய மதர், கப்பலேறி எங்கள் மடத்தைப் பார்க்க வருகிறார். மடம் தலைகீழானது. சுவருக்குச் சுண்ணாம்பு, கிணற்றுக்குத் தூர்வாரல், எங்களுக்குப் புது வெள்ளைப் பாவாடை. ஸ்பெயின் மதருக்குக் கால் தரையில் படவில்லை. பெரிய மதரை அவர் பாஷையிலேயே வரவேற்கிறோம் என்று ஏழு பேரைப் பொறுக்கி ஒரு சின்ன நாடகம் கட்டினார். ஒருத்தி கண் விழிப்பாள். ஒருத்தி எழுவாள். ஒருத்தி முகம் கழுவுவாள். ஒருத்தி தாவணி சுற்றுவாள். பெஞ்சுக்காரி தலை சீவுவாள். நான் நாற்காலியில் உட்கார்ந்து புத்தகத்தைத் திறப்பேன். ஏழாவது ஒரு குட்டிப் பெண் பையைத் தூக்கிக்கொண்டு, “மே வோய்”, அதாவது ‘போகிறேன்’ என்பாள். அத்தோடு எல்லாரும் போய்விட வேண்டும்.

என் பங்கு ‘மே சியெந்தோ’. உட்காருகிறேன். இதற்கு ஒரு ஆள் வேண்டுமா, சொல்லுங்கள். என் கண்ணெல்லாம் சீப்பின்மேல்தான். பெஞ்சுக்காரி சீவுவதற்கு மதர் தன் சொந்தச் சீப்பையே கொடுத்திருந்தார். யானைத் தந்தம். கைப்பிடியில் சின்னச் சின்ன இலைகள் செதுக்கியிருக்கும். அவருடைய அம்மாவின் சீப்பாம். மடத்தில் சேரும்போது அவருடைய தலைமுடியை வெட்டிவிட்டார்கள். சீப்பை மட்டும் எப்படியோ மறைத்துக் கொண்டுவந்திருக்கிறார். பெஞ்சுக்காரி பின்னலை அவிழ்த்துவிட்டு அந்த வெள்ளைச் சீப்பால் மேலிருந்து கீழே இழுத்துக்கொண்டு “மே பெய்னோ” என்று பாடும்போது, மதர் தையலை விட்டுவிட்டுப் பார்த்துக்கொண்டே இருப்பார். என் முடியும் இடுப்பைத் தாண்டும். அவளுக்கு அடுத்தது நான்தான். மதர் என்னை ஒருநாளும் அப்படிப் பார்த்ததில்லை.

ஆனி ஆடியில் நம் கடல் எப்படியிருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டாம். கட்டுமரம் இறங்காது, கடற்கரையில் அடுப்பும் புகையாது. அந்தப் பட்டினியோடு காய்ச்சலும் வந்தது. பெஞ்சுக்காரியின் அப்பன் படுத்துவிட்டார். என் அப்பா ஆஸ்பத்திரியில் கம்பவுண்டர். வாரம் ஒருமுறை மருந்துப் பெட்டியோடு கடற்கரைக்குப் போவார். அவர்தான் அந்தக் கட்டுமரக்காரருக்கும் மருந்து கொடுத்துக்கொண்டிருந்தார்.

ஒரு வியாழக்கிழமை பெஞ்சுக்காரி என் காதில் சொன்னாள்.

“ஏட்டி, யாருட்டயும் சொல்லப்பிடாது. சனிக்கிழமை அம்மெ வந்து என்னைக் கூட்டிட்டுப் போவா. மாதா கோயில்ல முடி எடுக்கப் போறோம். அப்பனுக்கு நேர்ச்சை.”

“முழுசுமா?”

“மொட்டைதான். அரைகுறையா குடுத்தா மாதா வாங்குவாளா?”

“அப்போ நாடகம்?”

“நாடகம் கெடக்கட்டு. அப்பன் எழும்பினாப் போதும்.”

சுகமான பிறகு நேர்ச்சை கொடுப்பது ஒரு வகை. ஆபத்துச் சமயத்தில் முதலில் கொடுத்துவிட்டு உயிரைக் கேட்பது இன்னொரு வகை. இது இரண்டாவது. நாள் குறித்துச் சொன்னால் அந்த நாள் தவறக்கூடாது. கடற்கரைப் பிள்ளைக்கு இது பால்குடியிலேயே தெரியும். எனக்கும் தெரியும்.

வெள்ளிக்கிழமை நான் ஸ்பெயின் மதரிடம் போய்ச் சொன்னேன்.

ஏன் சொன்னேன்? இத்தனை வருடம் புரட்டிப் புரட்டிப் பார்த்தாயிற்று, பதில் ஒன்றுதான். மொட்டைத் தலையை எப்படிச் சீவ முடியும்? அப்போது சீப்பு எனக்குத்தானே வரவேண்டும்? சீக்கிரம் சொன்னால் பழகிக்கொள்ள நாள் கிடைக்கும். இவ்வளவுதான் என் மண்டையில் ஓடியது. அவள் அப்பன் அதில் எங்குமே இல்லை. சீ, என்ன பிள்ளை நான்!

“மதர், அவளுக்கு நாளைக்கு மொட்டை” என்றேன். சீப்பை என்னிடம் தாருங்கள் என்று கேட்கத் துணிச்சல் வரவில்லை. மதர் ஊசியைத் துணியில் குத்தி வைத்துவிட்டு என் மோவாயைப் பிடித்து நிமிர்த்தினார். “உன் பெயர் என்ன?” என்று கேட்டார். மூன்று மாதம் சொல்லிக்கொடுத்தவர் அன்றைக்குத்தான் கேட்டார்.

சீப்பு என்னிடம் வரவில்லை. மறுநாள் புன்னை மரத்தடியில் மதர் அந்த அம்மாவுக்காகக் காத்துக்கொண்டு நின்றார். ஒத்திகைக்கு வந்திருந்த நான் தண்ணீர் குடிக்கப் போகிற சாக்கில் தூணருகே நின்றேன்.

“இரண்டு வாரம் மட்டும்” என்றார் மதர். “பெரிய மதர் வந்து போகட்டும். முடி எங்கே போகும்? மாதா பொறுப்பார்.”

“நாள் சொல்லிட்டேன் மதர். இன்னைக்குன்னு சொல்லிட்டேன்.”

“நான் மாதாவிடம் தவணை கேட்கிறேன். என் பேரில்.”

அந்த அம்மா கூடையை இறக்கி வைத்தாள். “மதர் கேட்டா மாதா கேப்பாளா?”

“கேட்பார்.”

“அப்போ சரி மதர்.”

நம் ஆட்கள் அப்படித்தான். கன்னியர்களை மாதாவின் வீட்டுப் பெண்களாகவே நினைத்தவர்கள். வீட்டுப் பெண் சொன்னால் தாய் தட்டமாட்டாள் என்று அந்த அம்மா முழுமனதோடு நம்பினாள். மதரும் ஏமாற்றவில்லை. தான் கேட்டால் கிடைக்கும் என்று அவரும் நம்பினார். அம்மா மகளை உட்கார வைத்து எண்ணெய்க் குப்பியைத் திறந்தாள். அன்று வழக்கத்தைவிட நெடுநேரம் சீவினாள்.

“யாருட்டி மதருட்ட சொன்னா?” என்று சாயங்காலம் பெஞ்சுக்காரி கேட்டாள்.

“எனக்கென்ன தெரியும்?”

“சமையக்காரியாத்தான் இருக்கும். அவளுக்கு முன்னால வச்சு அழுதேன்” என்று அவளே முடிவு செய்துகொண்டாள். அந்தச் சமையல்காரி பாவம், இவளுக்கென்று அடிப்பிடித்த சோற்றுத் தீச்சல் எடுத்து வைப்பவள். அன்றிலிருந்து இவள் அதை வாங்கவில்லை. நான் வாங்கித் தின்றேன்.

மறுநாள் ஞாயிறு. அப்பா கடற்கரையிலிருந்து வந்து அம்மாவிடம் சொன்னது என் காதில் விழுந்தது. “அந்தக் கட்டுமரக்காரன் தேறமாட்டான். காய்ச்சல் குடலுக்கு இறங்கிட்டு. மருந்து சும்மா மனசு ஆறதுக்குத்தான்.” நான் சொன்னதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று பின்னாளில் எத்தனையோ முறை இந்த வார்த்தையைப் பிடித்துத் தொங்கியிருக்கிறேன். அது என்னை ஒருநாளும் தாங்கவில்லை.

இரண்டு வாரம் முடியும் சமயம் கொல்லத்திலிருந்து கடிதம் வந்தது. பெரிய மதருக்குப் பயணக் களைப்பு, இன்னும் ஒரு வாரம் கழித்துத்தான் வருவார். நாங்கள் மறுபடி மறுபடி ஒத்திகை பார்த்தோம். பெஞ்சுக்காரி இப்போது பாடவில்லை. சொல்லைச் சொல்லிவிட்டுச் சீப்பை இழுத்தாள். அந்தச் சனிக்கிழமை அவள் அம்மா வரவில்லை. புன்னை மரத்தடியில் மணி ஒன்றடிக்கும்வரை இவள் பின்னலை அவிழ்த்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

திங்கட்கிழமை ஒரு மீன்காரி சொல்லிவிட்டுப் போனாள்: அப்பனுக்குப் பேச்சு நின்றுவிட்டது. பெஞ்சுக்காரி நேரே மதரிடம் ஓடினாள்.

“மதர், நான் இப்பவே போறேன்.”

“நாளை காலையில் பெரிய மதர். மத்தியானம் வண்டி பிடித்து நானே கூட்டிப்போகிறேன். ஒரு நாள், மகளே. ஒரே நாள்.”

இவள் தலையாட்டினாள்.

செவ்வாய்க்கிழமை காலை பூசைக்கு நாங்களெல்லாம் வெள்ளை முக்காடு போட்டுக்கொண்டு போனோம். கோயிலுக்குள் பெண்பிள்ளைகள் தலை திறந்து நிற்கக்கூடாது என்பதால் யாருக்கும் எதுவும் தெரியவில்லை. பூசை முடிந்து முக்காட்டோடே கூடத்துக்கு வந்தோம். தோவாளையிலிருந்து கூடை கூடையாகப் பிச்சிப்பூ வந்து தோரணமாகத் தொங்கியது. முன்வரிசையில் பெரிய மதர், பருமனான கிழவி, பக்கத்தில் இரண்டு சாமியார்கள். ஸ்பெயின் மதர் ஓரத்தில் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்.

கண் விழித்தாள் ஒருத்தி. எழுந்தாள். கழுவினாள். உடுத்தாள். பெரிய மதர் வாயெல்லாம் சிரிப்பாக ஒவ்வொரு சொல்லையும் கூடவே சொன்னார். பெஞ்சுக்காரி முன்னால் போய் நின்று முக்காட்டை எடுத்தாள்.

தலையில் முடி இல்லை. தையல் கத்திரியால் வெட்டியிருந்தாள், தனியாக, கண்ணாடியில்லாமல். சில இடத்தில் தோல் தெரிந்தது, சில இடத்தில் குச்சி குச்சியாக நின்றது. இடது காதுக்கு மேலே ரத்தம் காய்ந்திருந்தது. அவள் சீப்பை எடுத்து நெற்றியிலிருந்து பிடரிவரை இழுத்தாள். “மே பெய்னோ” என்றாள். தந்தம் தோலில் உரசும் சத்தம் எனக்குக் கேட்டது.

பெரிய மதர் சிரித்தார். கடகடவென்று, தொடையில் தட்டிக்கொண்டு. சாமியார்களும் சிரித்தார்கள். ஸ்பெயின் மதர் வேண்டுமென்றே ஏற்பாடு செய்த வேடிக்கை என்று நினைத்துவிட்டார்கள். கூடமே கைதட்டியது. அவள் இன்னொரு முறையும் இழுத்தாள், ஒத்திகையில் இரண்டு முறை என்று சொல்லியிருந்ததால்.

அடுத்தது நான். “மே சியெந்தோ” என்பதைச் சொல்லாமலே பொத்தென்று உட்கார்ந்தேன். அவள் திரும்பினாள். கையிலிருந்த சீப்பை வைக்க இடம் தேடி, பக்கத்தில் நான் உட்கார்ந்திருந்ததால், என் மடியில் வைத்தாள். பிறகு குட்டிப் பெண்ணின் முறைக்குக் காத்திராமல் “மே வோய்” என்று அவளே சொல்லிவிட்டு, படியிறங்கி, வாசலோரம் வைத்திருந்த ஒரு துணி மூட்டையை எடுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வெளியே போனாள். மூட்டைக்குள் அவள் முடி.

ஸ்பெயின் மதர் ஓடினார். பெரிய மதரையும் சாமியார்களையும் அப்படியே விட்டுவிட்டு, அங்கி தடுக்கி ஒருமுறை விழுந்து எழுந்து ஓடினார். வழியில் வண்டி பிடித்து அவளை ஏற்றிக்கொண்டாராம். ஊரை நெருங்கும்போதே துக்க மணி அடித்துக்கொண்டிருந்ததாம். செய்தி கேட்டு அன்று அப்பாவும் அங்கே போயிருந்தார். அந்த அம்மா மகளின் மூட்டையை வாங்கி, மாதா கோயிலுக்குக் கொண்டுபோகாமல், புருஷனின் சவப்பெட்டிக்குள் கால்மாட்டில் வைத்தாள் என்று வீட்டில் வந்து சொன்னார். அதைச் சொல்லும்போது அப்பா அழுதார். அவர் அழுது நான் பார்த்தது அது ஒருமுறைதான்.

பெஞ்சுக்காரி பள்ளிக்கூடத்துக்குத் திரும்பவில்லை. அம்மாவோடு கருவாட்டுக் கூடை தூக்கப் போய்விட்டாள். ஸ்பெயின் மதர் அதன்பின் அந்தப் பாஷையில் ஒரு சொல்லும் எங்களிடம் பேசவில்லை. ஆவணியில் அவரை வேறெங்கோ மாற்றினார்கள். புறப்படும் நாளில் என்னைத் தனியே கூப்பிட்டார். சீப்பைக் கேட்கப்போகிறார் என்று பயந்துகொண்டே போனேன். “நீ உண்மைதான் சொன்னாய். குற்றம் என்னுடையது” என்றார். நான் சீப்பு ஆசையில் சொன்னதை அப்போதாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. சீப்பையும் கொடுக்கவில்லை.

அதை என் கல்யாணப் பெட்டியின் அடியில் போட்டு வைத்தேன். ஒருநாளும் தலையில் வைத்ததில்லை.

நாற்பது வருடம் கழித்து, என் கணவர் தவறிய மறு வருடம், அதை ஒரு கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு பஸ் ஏறிக் கடற்கரைக்குப் போனேன். பெஞ்சுக்காரி வீட்டுமுற்றத்தில் மீன் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். நரைத்த பெரிய கொண்டை. பார்த்த உடனே, “ஏட்டி, நீயா! வந்தியா?” என்றாள். உட்காரக்கூட இல்லை நான். நின்றபடியே எல்லாவற்றையும் கொட்டினேன். சொன்னது நான்தான், சமையல்காரி இல்லை, சீப்பு ஆசையில்தான் சொன்னேன் என்று.

அவள் கையிலிருந்த உப்பைத் தட்டினாள்.

“அம்மெ சாகுற வரைக்கும் தான்தான் கொன்னேன்னு அழுதா. மதர் தவணை கேட்டப்போ உள்ளுக்குள்ள சந்தோசப்பட்டாளாம், எனக்க முடி ரெண்டு வாரம் கூட இருக்குமேன்னு. மதர் ஒரு காயிதம் போட்டிருந்தா, சாமியார் வாசிச்சுத் தந்தாரு. அதுல தான்தான்னு எழுதியிருந்தா. இப்ப நீ வந்து நான்தான்னு சொல்லுகியே. அப்பன் காய்ச்சல்ல செத்தாரு, மக்கா. வேற ஒண்ணும் இல்ல.”

நான் அழுதேன். நாற்பது வருட அழுகை. அவள் என்னைத் தோளைப் பிடித்து நடைப்படியில் உட்கார வைத்தாள். கைக்குட்டையைப் பிரித்துச் சீப்பை எடுத்தாள். பின்னால் உட்கார்ந்து என் கொண்டையை அவிழ்த்தாள்.

“ஒனக்க தலையில என்னட்டி இருக்கு, சீவுகதுக்கு?” என்று சிரித்தாள். சீவினாள். அவள் அம்மா சீவுவதுபோலவே, மெதுவாக, நுனியில் சிக்கெடுத்து மேலே வந்து. பிறகு கை நின்றது.

“கத்திரி மொத நாளே எனக்க பெட்டியிலதான் கெடந்துது, மக்கா” என்றாள். “அன்னைக்கே நானே வெட்டிக் குடுத்திருக்கலாம். முடி மேல ஆசை. மூணு வாரம் நான்தான் வச்சுக்கிட்டு இருந்தேன்.”

பிறகு மறுபடி சீவத் தொடங்கினாள். நான் திரும்பிப் பார்க்கவில்லை.